குழாயில் வந்த பச்சை: 31 வாரக் குறைமாதக் குழந்தை, டவுன் சிண்ட்ரோம், முன்சிறுகுடல் அடைப்பு – ஒரு நிகழ்வு ஆய்வு

குறைமாதக் குழந்தைக்கு எது நடந்தாலும் 'குறைமாதம்தானே' என்று ஒரு விளக்கம் தயாராக இருக்கும். கைகால் துவண்டிருந்தாலும், பால் செரிக்காவிட்டாலும், மஞ்சள் காமாலை இறங்காவிட்டாலும், மூச்சு இடையில் நின்றாலும் அதே பதில்தான். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் மரபணுக் கோளாறும் கூடவே இருக்கும் குழந்தையிடம் இதே விளக்கம் நோயை மறைத்துவிடுகிறது. அப்படி மறைந்த இடங்களையும் அவை வெளிவந்த விதத்தையும் இந்த ஆய்வு பேசுகிறது. இது மகப்பேறு, பச்சிளம் குழந்தைப் பிரிவுச் செவிலியர்களின் பயிற்சிக்காகத் தொகுத்த மாதிரி நிகழ்வு. தனி ஒரு குடும்பத்தின் கதை அல்ல.

பிரசவத்துக்கு முன்

தாய்க்கு 36 வயது, இது மூன்றாவது கர்ப்பம். முதல் இரண்டும் சுகப்பிரசவம், குழந்தைகள் நலம். கணவர் சொந்த மாமன் மகன். 11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்க வேண்டிய கழுத்துப்பின் நீர் அளவு ஸ்கேன் எடுக்கப்படவில்லை. 20-வது வார ஸ்கேனில் குறை எதுவும் எழுதப்படவில்லை. அந்த ஸ்கேனைக் குறைசொல்ல முடியாது, ஏனென்றால் முன்சிறுகுடல் அடைப்பு பெரும்பாலும் 24 வாரத்துக்குப் பிறகுதான் ஸ்கேனில் தெரியும். குழந்தை விழுங்கும் பனிக்குட நீர் இரைப்பையைத் தாண்ட முடியாமல் தேங்கி, இரைப்பையும் முன்சிறுகுடலின் மேல்பகுதியும் உப்பிய பிறகே இரட்டைக் குமிழ் தோன்றும்.

30-வது வாரத்தில் வயிறு வாரக்கணக்குக்கு மீறிப் பெரிதாக இருந்தது. ஸ்கேனில் பனிக்குட நீர்க் குறியீடு 31 செ.மீ. 24-க்கு மேல் போனாலே அதிகம்தான். சர்க்கரைப் பரிசோதனை செய்தார்கள், இயல்பாக இருந்தது. 'நீர் அதிகம், சர்க்கரை இல்லை' என்று எழுதி இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். அங்கே ஒரு கேள்வி விட்டுப்போனது. சர்க்கரை காரணம் இல்லையென்றால், குழந்தை நீரை விழுங்குகிறதா, விழுங்கிய நீர் கீழே இறங்குகிறதா? முன்சிறுகுடல் அடைப்புள்ள கர்ப்பங்களில் ஏறக்குறைய பாதியில் பனிக்குட நீர் அதிகமாகிறது. அந்த நீரே கருப்பையை விரித்துக் குறைமாதப் பிரசவத்தைத் தூண்டுகிறது. இந்தக் குழந்தை குறைமாதத்தில் பிறந்ததற்குக் காரணமே குடல் அடைப்புதான். காரணத்தை விட்டுவிட்டு விளைவை மட்டும் எழுதிக்கொண்டு போனதிலிருந்து தொடங்குகிறது சிக்கல்.

31 வாரம் 3 நாளில் வலியோடு வந்தார். கருப்பை வாய் 3 செ.மீ. திறந்திருந்தது. நிபெடிபின் கொடுத்து வலியைத் தள்ளிப்போட முயன்றபடியே, குழந்தையின் நுரையீரலுக்காக டெக்சாமெத்தசோன் 6 மி.கி. ஊசி 12 மணி நேர இடைவெளியில் தொடங்கினார்கள். நான்கில் இரண்டு டோஸ்தான் போட முடிந்தது. 32 வாரத்துக்குக் கீழ் என்பதால் மூளைப் பாதுகாப்புக்கு மெக்னீசியம் சல்பேட் 4 கிராம் 20 நிமிடத்தில் நரம்பு வழியே ஏற்றினார்கள். நிபெடிபினும் மெக்னீசியமும் சேரும்போது ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கலாம். முழங்கால் அனிச்சை, மூச்சு எண்ணிக்கை, சிறுநீர் அளவு மூன்றையும் பார்ப்பதோடு அழுத்தத்தையும் 15 நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்தது சரியான வேலை.

நீர் அதிகமுள்ள தாயிடம் லேபர் வார்டு செவிலியர் இரண்டு ஆபத்துகளை எதிர்பார்த்தே நிற்க வேண்டும். பனிக்குடம் உடையும்போது நீர் பாய்ந்து வருவதால் தொப்புள்கொடி முன்னால் நழுவலாம், நஞ்சு முன்கூட்டியே பிரியலாம். அதனால் நீர் உடைந்தவுடன் முதல் வேலை குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்பது, உடனே உள்பரிசோதனை செய்து கொடி தட்டுப்படுகிறதா என்று பார்ப்பது. விரிப்பு மாற்றுவதெல்லாம் அதற்குப் பிறகு. இரண்டாவது, அளவுக்கு மீறி விரிந்த கருப்பை பிரசவத்துக்குப் பின் சுருங்கத் தயங்கும். இந்தத் தாய்க்கும் ஆக்சிடோசின் 10 யூனிட் தசை ஊசி போட்ட பிறகும் சுமார் 700 மி.லி. ரத்தம் போனது. ஆக்சிடோசின் டிரிப், கருப்பை மசாஜ், டிரானெக்சாமிக் அமிலம் 1 கிராம் ஆகியவற்றில் கட்டுக்குள் வந்தது.

முதல் ஒரு மணி நேரம்

பெண் குழந்தை, 31 வாரம் 4 நாள், 1,480 கிராம். 32 வாரத்துக்குக் குறைவு என்பதால் துடைக்காமல், ஈரத்தோடு கழுத்துவரை பாலித்தீன் உறையில் வைத்துத் தலைக்குக் குல்லா போட்டார்கள். கொடியை 45 நொடி கழித்து வெட்டினார்கள். மூச்சு ஒழுங்காக இல்லாததால் 30% ஆக்சிஜனோடு டி-பீஸ் கருவியில் மூச்சூட்டி, பின் 6 செ.மீ. அழுத்தத்தில் சிபாப் (மூக்கு வழியே தொடர் அழுத்தத்தில் காற்று கொடுக்கும் கருவி). அப்கார் (பிறந்த குழந்தையின் நிலைக்குப் பத்துக்கு இடும் மதிப்பெண்) 1 நிமிடத்தில் 5, 5 நிமிடத்தில் 7.

வார்டுக்கு வந்தபோது உடல் வெப்பம் 36.2 டிகிரி. இயல்புக்குச் சற்றுக் கீழே. லேபர் ரூம் ஏசி 21-ல் ஓடிக்கொண்டிருந்ததே காரணம். குறைமாதப் பிரசவம் வருகிறது என்று தெரிந்த நிமிடமே ஏசியை நிறுத்தி அறையை 25-க்குக் கொண்டுவர வேண்டும். ரத்தச் சர்க்கரை 38. நரம்பு வழியே 10% டெக்ஸ்ட்ரோஸ் 3 மி.லி., அதாவது கிலோவுக்கு 2 மி.லி., மெதுவாகச் செலுத்தி, தொடர் டிரிப்பை மணிக்கு 4.9 மி.லி. என்று வைத்தார்கள். கிலோவுக்கு நாளொன்றுக்கு 80 மி.லி. என்ற கணக்கு இது. நிமிடத்துக்குக் கிலோவுக்குச் சுமார் 5.6 மி.கி. சர்க்கரை கிடைக்கும். அரை மணியில் 61.

மூச்சுத்திணறல் கூடியது. எக்ஸ்-ரேயில் இரு நுரையீரலும் அரைத்த கண்ணாடிபோல் மங்கல். 6 செ.மீ. அழுத்தத்திலும் 40% ஆக்சிஜன் தேவைப்பட்டதால் சர்பாக்டன்ட் (நுரையீரல் காற்றுப்பைகளைச் சுருங்காமல் விரித்து வைக்கும் மருந்து) முடிவாயிற்று. போராக்டன்ட், கிலோவுக்கு 200 மி.கி. இந்த எடைக்கு 3.7 மி.லி. புட்டியைக் கையில் வைத்து அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்து மெல்லக் கவிழ்த்து எடுக்க வேண்டும், குலுக்கினால் நுரைத்துவிடும். மருந்து உள்ளே போன சில நிமிடங்களில் நுரையீரல் இளகும். ஆக்சிஜன் விகிதத்தைக் கூடவே இறக்காவிட்டால் ரத்த ஆக்சிஜன் செறிவு 98, 99 என்று ஏறி, விழித்திரைக்குக் கேடு. இலக்கு 90 முதல் 95, அலாரத்தின் மேல் எல்லை 95-ல். மூச்சு இடையில் நிற்காமல் தூண்டும் கஃபீன் சிட்ரேட் முதல் டோஸ் கிலோவுக்கு 20 மி.கி., சுமார் 30 மி.கி. இந்த இடம்வரை வேலை நேர்த்தியாகவே நடந்தது.

சர்பாக்டன்ட் கொடுப்பதற்கு முன் இரைப்பையைக் காலிசெய்ய வாய்வழிக் குழாய் போட்டபோது 24 மி.லி. திரவம் வந்தது. இலேசான பச்சை. 'விழுங்கிய பனிக்குட நீர்' என்று கேஸ் ஷீட்டில் எழுதப்பட்டது. பிறந்த குழந்தையின் இரைப்பையில் வழக்கமாகச் சில மி.லி.தான் இருக்கும். 20 மி.லி.க்கு மேல் வந்தால், நிறம் எதுவானாலும், மேல்குடல் அடைப்பைச் சந்தேகிக்க வேண்டும். இந்த ஒரு எண்ணையும், தாயின் ஷீட்டில் இருந்த '31 செ.மீ.' என்ற எண்ணையும் ஒருவரே பக்கத்தில் பக்கத்தில் பார்த்திருந்தால் முதல் மணி நேரத்திலேயே விடை கிடைத்திருக்கும். ஆனால் லேபர் வார்டிலிருந்து வந்த ஹேண்டோவர் சீட்டில் இருந்தது இவ்வளவுதான்: '31 வாரம், 1.48 கிலோ, மூச்சுத்திணறல்.' பனிக்குட நீர் அளவு எழுத அதில் கட்டமே இல்லை.

9-ம் மணி முதல் 27-ம் மணி வரை

6-ம் மணியில் சீம்பால் 2 மி.லி. குழாயில் கொடுத்தார்கள். 9-ம் மணியில் குழாயை இழுத்துப் பார்த்தபோது 7 மி.லி., வெளிர்மஞ்சள். அடுத்த 2 மி.லி. கொடுக்கப்பட்டது. 12-ம் மணியில் 11 மி.லி., பச்சை. குழாய் அதிகம் உள்ளே போய் முன்சிறுகுடலைத் தொட்டிருக்கலாம் என்று 2 செ.மீ. வெளியே இழுத்து ஒட்டி, ஒரு வேளைப் பாலை நிறுத்தினார்கள். பால் நிறுத்தியதால் 15-ம் மணியில் குழாயை யாரும் இழுத்துப் பார்க்கவில்லை. 18-ம் மணியில் பார்க்காமலேயே 2 மி.லி. கொடுத்தார்கள். 21-ம் மணியில் 14 மி.லி., அடர்பச்சை. கூடவே இருமுறை மூச்சு நின்று துடிப்பு 80-க்கு இறங்கியது.

கூட்டிப் பாருங்கள். கொடுத்தது 6 மி.லி. வந்தது 32 மி.லி. பால் செரிக்காத குறைமாத வயிறு கொடுத்ததைத்தான் திருப்பித் தரும். கொடுத்ததைப்போல ஐந்து மடங்கு தராது. ஒவ்வொரு வேளையும் தனித்தனியே எழுதப்பட்டதால் இந்தக் கூட்டல் யார் கண்ணிலும் படவில்லை. பால் நிறுத்திய குழந்தைக்கும் ஆஸ்பிரேட் (குழாயில் இழுத்து எடுக்கும் இரைப்பைத் திரவம்) பார்த்தே ஆக வேண்டும், சொல்லப்போனால் அப்போதுதான் அது அதிகம் பேசும்.

குழாய் அதிகம் உள்ளே போய்விட்டதா என்ற சந்தேகம் நியாயமானதே. நுனி முன்சிறுகுடலில் இருந்தால் நல்ல குழந்தைக்கும் பச்சை வரும். ஆனால் அதை ஊகிக்க வேண்டியதில்லை. போடும்போது மூக்கு நுனியிலிருந்து காது மடலுக்கும், அங்கிருந்து மார்பெலும்பு முனைக்கும் தொப்புளுக்கும் நடுப்புள்ளிக்கும் அளந்து, உதட்டருகே எத்தனை செ.மீ. என்று எழுதி வைத்தால் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். இந்தக் குழந்தைக்கு ஆரம்பத்திலிருந்தே 17 செ.மீ.தான். இழுத்த பிறகு 15. அதனால் நுனி உணவுக்குழாய்க்கு அருகே போய், வடிய வேண்டியது வடியாமல் தங்கியது. மூச்சு நின்றதற்கு அந்தத் தேக்கமும் ஒரு காரணமாக இருந்திருக்க வாய்ப்புண்டு.

வயிறு உப்பவில்லை என்பதும் எல்லாரையும் ஏமாற்றியது. அடைப்பு மேலே இருக்கும்போது கீழ்வயிறு உள்வாங்கித்தான் இருக்கும். மேல்வயிறு மட்டும் சற்று மேடாகி, பக்கவாட்டில் விளக்கடித்துப் பார்த்தால் இடமிருந்து வலமாக அலை நகர்வது தெரியும். 14-ம் மணியில் கருமலம் கழிந்திருந்தது, அதையும் நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டார்கள். அடைப்புக்குக் கீழே உள்ள குடலில் ஏற்கெனவே இருந்த மலம் வெளியேறத் தடையில்லை. எனவே மலம் கழிந்தது எதையும் மறுக்காது.

26-ம் மணியில் வயிற்று எக்ஸ்-ரே. ஒரே ஒரு சிறு குமிழ், மற்றபடி வயிறு முழுக்க வெண்மை. 'வாயு குறைவு, குறைமாதம்' என்று முதலில் படிக்கப்பட்டது. பணியில் இருந்த மூத்த செவிலியர் இங்கே இரண்டு கேள்விகளை எழுப்பினார். எடுப்பதற்குப் பத்து நிமிடம் முன்புதான் குழாயை இழுத்து வயிற்றைக் காலிசெய்திருக்கிறோம், குமிழ் எப்படித் தெரியும்? சிபாப் 26 மணி நேரமாகக் காற்றை வயிற்றுக்குள் தள்ளிக்கொண்டிருக்கிறது, அந்தக் காற்றெல்லாம் எங்கே?

இரண்டாவது கேள்விதான் இந்த நிகழ்வின் முடிச்சை அவிழ்த்தது. சிபாப்பில் இருக்கும் குறைமாதக் குழந்தையின் குடல் வாயுவால் நிறைந்திருப்பதே வழக்கம். அப்படிப்பட்ட குழந்தையின் வயிற்றில் வாயு இல்லாதிருந்தால் அதைக் குறைமாதத்தின் கணக்கில் எழுத முடியாது.

குழாய் வழியே 12 மி.லி. காற்றை மெதுவாகச் செலுத்தி 27-ம் மணியில் மீண்டும் படம் எடுத்தார்கள். இடப்பக்கம் பெரிய குமிழ், வலப்பக்கம் சிறிய குமிழ், அதற்குக் கீழே எதுவும் இல்லை. படம் எடுத்த கையோடு காற்றை இழுத்து எடுத்துவிட வேண்டும். இரட்டைக் குமிழுக்குக் கீழே வாயு இருந்திருந்தால் கதை வேறு. அப்போது குடல் முறுக்கிக்கொண்டிருக்கலாம், சில மணி நேரத்தில் குடல் முழுவதும் அழுகிவிடக்கூடிய அவசரம் அது. பச்சை ஆஸ்பிரேட்டை இரவெல்லாம் வைத்துப் பார்க்கக் கூடாது என்பதற்கு உண்மையான காரணம் இந்த முறுக்கல்தான். முன்சிறுகுடல் அடைப்பு ஓரிரு நாள் காத்திருக்கும், முறுக்கல் காத்திருக்காது. உள்ளே எது இருக்கிறது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது.

குல்லாவுக்கும் பிளாஸ்திரிக்கும் பின்னால் இருந்த முகம்

முன்சிறுகுடல் அடைப்போடு பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்கும். படத்தைப் பார்த்த பிறகுதான் குழந்தையைத் தலை முதல் கால் வரை பார்த்தார்கள். அதுவரை சிபாப் குல்லா புருவம் வரை இறங்கியிருந்தது, மூக்கில் குழல்கள், கன்னமெல்லாம் பிளாஸ்திரி. எல்லாவற்றையும் விலக்கிப் பார்த்தபோது மேல்நோக்கிச் சாய்ந்த கண்கள், தட்டையான மூக்குப் பாலம், சிறிய காது மடல், பிடரியில் தளர்ந்த தோல், வலது உள்ளங்கையில் ஒற்றை ரேகை, கால் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே அகன்ற இடைவெளி. துவண்ட கைகால் மட்டும் 31 வாரத்தில் எதையும் சொல்லாது, அந்த வயதில் எல்லாக் குழந்தையும் துவண்டுதான் கிடக்கும்.

மூக்குப் பாலம் தட்டையாக இருப்பதற்கு நர்சிங்கில் நேரடி விளைவு உண்டு. குழல்கள் சரியாகப் பொருந்தாமல் காற்று கசியும், அழுத்தம் நிற்காது. கசிவை அடைக்கக் கட்டை இறுக்கினால் ஒரே நாளில் மூக்கின் நடுத்தண்டு சிவந்து புண்ணாகும். குழலுக்கும் நடுத்தண்டுக்கும் 2 மி.மீ. இடைவெளி விட்டு, ஹைட்ரோகொலாய்டு துண்டு ஒட்டி, 4 முதல் 6 மணிக்கு ஒருமுறை குழலையும் முகமூடியையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தியதில் தோல் பிழைத்தது. மூச்சுக்குழாய்க்கு உள்குழாய் வைக்க நேர்ந்தால் இந்த எடைக்கு 3.0 அளவு. டவுன் குழந்தைகளுக்குக் குரல்வளைக்குக் கீழே குறுகல் இருக்கலாம் என்பதால் 2.5-ம் தட்டில் திறந்து இருக்க வேண்டும்.

குரோமோசோம் பரிசோதனைக்கு ஹெப்பாரின் குழாயில் 2 மி.லி. ரத்தம் எடுத்தார்கள். செல்கள் உயிரோடு போய்ச் சேர வேண்டும் என்பதால் உறைய வைக்கக் கூடாது. ரத்தம் ஏற்றுவதற்கு முன்பே எடுத்துவிடுவது நல்லது. சனிக்கிழமை மாலை எடுத்துத் திங்கள்வரை மேசையில் வைத்திருந்து வீணாகும் மாதிரிகள் ஏராளம். ஆய்வகம் எப்போது வாங்கும் என்று கேட்டுவிட்டுக் குத்துங்கள்.

ரத்த எண்ணிக்கையில் தட்டணுக்கள் 94,000. கிருமித்தொற்று என்று மட்டும் நினைக்க வேண்டாம், டவுன் குழந்தைகளுக்குப் பிறந்த வாரத்தில் தட்டணு குறைவது வழக்கம். ஆனால் ரத்தப் பூச்சைக் கண்ணால் பார்க்கச் சொல்ல வேண்டும். சுமார் பத்தில் ஒருவருக்கு முதிராத வெள்ளணுக்கள் பெருகும் தற்காலிக நிலை வரும், கருவி எண்ணிக்கையில் அது தப்பிவிடும். இந்தக் குழந்தைக்கு அது இல்லை. இதய எக்கோவில் 2 மி.மீ. நாளத்துளையும் (பிறந்த பின் மூட வேண்டிய ரத்த நாளம் திறந்திருப்பது) சிறிய மேலறைத் துளையும். இரைச்சல் கேட்கவில்லையே என்று எக்கோவைத் தள்ளிப்போடக் கூடாது. டவுன் குழந்தைகளில் பாதிப்பேருக்கு அருகில் இதயக் குறை உண்டு. அவற்றில் பெரிய துளைகளே முதல் வாரத்தில் சத்தமில்லாமல் இருக்கும்.

அறுவைக்கு அனுப்புவதற்குள்

இங்கே இரண்டு சிகிச்சைகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. நுரையீரலுக்குச் சிபாப் வேண்டும். அதே சிபாப் காற்று, வெளியேற வழியில்லாத இரைப்பையை ஊத வைக்கும். இரைப்பை கிழியலாம், பித்தம் மேலேறி நுரையீரலுக்குப் போகலாம். எனவே 6 அளவுக் குழாயை எடுத்துவிட்டு 8 போட்டார்கள். சன்னக் குழாயைப் பித்தச் சளி அடைத்துவிடும். முனையை மூடாமல் சிறு பையில் திறந்து விட்டு, 2 மணிக்கு ஒருமுறை ஊசிக்குழலால் இழுத்து அளந்தார்கள். வந்த ஒவ்வொரு மி.லி.க்கும் ஒரு மி.லி. நார்மல் சலைன், லிட்டருக்கு 20 மில்லி ஈக்விவலன்ட் பொட்டாசியம் குளோரைடு கலந்து, தனி பம்ப்பில். தினசரி டிரிப்போடு இதைக் கலந்துவிட்டால் கணக்கு குழம்பும். ஏன் ஈடுசெய்ய வேண்டும் என்பதை அந்தக் குழந்தையின் எண்களே சொல்லும்: சோடியம் 131, பொட்டாசியம் 3.1, குளோரைடு 88, பைகார்பனேட் 29. உப்புகள் குறைந்து ரத்தத்தில் காரத்தன்மை கூடிய இந்த நிலையில் மயக்க மருந்து கொடுத்தால் மூச்சு தானாகத் திரும்புவது தாமதமாகும். சரிசெய்ய ஒன்றரை நாள் பிடித்தது. அவசரமாக அறுவை அறைக்கு ஓடாததே சரி.

குழந்தை அறுவைப் பிரிவு வேறு ஊரில். 108 பச்சிளம் குழந்தை ஆம்புலன்ஸில் பயணம். புறப்படும் முன் குழாயை இழுத்துக் காலிசெய்து, திறந்தே விட்டு, உதட்டு அளவைச் சரிபார்த்து, சர்க்கரை பார்த்து, வெப்பம் 36.5-க்கு மேல் வந்த பிறகே ஏற்றினார்கள். தாயின் ரத்த மாதிரி, தாய்-தந்தை இருவர் பெயரும் உள்ள அனுமதித் தாள், எல்லா எக்ஸ்-ரேக்களும், 'குழாயை மூட வேண்டாம்' என்று பெரிய எழுத்தில் ஒட்டிய சீட்டு. ஆம்புலன்ஸ் குலுக்கலில் வழிகிறது என்று யாரோ நல்லெண்ணத்தில் மூடிவிடுவது அடிக்கடி நடப்பது.

நான்காம் நாள் அறுவை. ஜப்பானிய மருத்துவர் கிமுரா 1977-ல் வெளியிட்ட முறை: விரிந்த மேல்பகுதியில் குறுக்காகவும் சுருங்கிய கீழ்ப்பகுதியில் நெடுக்காகவும் வெட்டி வைரவடிவில் இணைப்பது. கீழ்க்குடலில் வேறு அடைப்பு இல்லை என்பதைச் சலைன் செலுத்திப் பார்த்தார்கள்.

அம்மாவிடம் சொல்வது

"அவகிட்ட இப்ப சொல்லாதீங்க சிஸ்டர், பால் வத்திடும்." தந்தை கேட்டது இது. நம் வார்டுகளில் தினமும் கேட்பதுதான். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் மூன்றாம் நாளே யாரோ ஒருவர் வராந்தாவில் அரைகுறையாகச் சொல்லித் தாய் கேட்டுக்கொள்ளும் நிலைதான் எப்போதும் வரும். அதனால் குழந்தையை அனுப்புவதற்கு முன்பே, சக்கர நாற்காலியில் தாயை அழைத்துவந்து, குழந்தையின் கை தாயின் விரலைப் பிடித்திருக்க, இருவரையும் உட்கார வைத்து மருத்துவர் சொன்னார். குரோமோசோம் முடிவு இன்னும் வரவில்லை, சந்தேகம் இருக்கிறது, பார்த்த அடையாளங்கள் இவை, முடிவு இந்த நாளில் வரும். குழந்தையைப் பெயர் சொல்லியே பேசினார். 'மங்கோல்' என்ற பழைய சொல் எங்கும் வரக் கூடாது, ஷீட்டிலும்கூட.

மாமியார் கேட்டார்: "சொந்தத்துல கட்டி வெச்சதாலதானா இப்படி?"

"இல்லம்மா. அது வேற, இது வேற. கரு உண்டாகும்போது ஒரு குரோமோசோம் கூடுதலா சேர்ந்துடுச்சு. சொந்தத்துல கட்டாதவங்களுக்கும் இதே மாதிரி வரும்."

இந்தப் பிரிவினை முக்கியம். சொந்தத்தில் திருமணம் செய்தால், இருவரிடமும் மறைந்திருக்கும் ஒரே குறைமரபணு குழந்தையிடம் சேரும் வாய்ப்பு கூடுகிறது. தலசீமியா, சில வளர்சிதைமாற்ற நோய்கள் அப்படி வருபவை. டவுன் சிண்ட்ரோம் அந்த வகை அல்ல. 95% பேருக்கு 21-வது குரோமோசோம் தனியாக ஒன்று கூடுவதுதான், தாயின் வயதோடு வாய்ப்பு ஏறும்: 35 வயதில் சுமார் 350-ல் ஒன்று, 40-ல் சுமார் 100-ல் ஒன்று. 3 முதல் 4% பேருக்கு அது வேறொரு குரோமோசோமோடு ஒட்டியிருக்கும். அந்த வகையில் பெற்றோரில் ஒருவர் தெரியாமல் சுமந்திருக்கலாம், தாய் சுமந்தால் அடுத்த குழந்தைக்கு 10 முதல் 15% வாய்ப்பு. இந்த வேறுபாட்டை விரைவுப் பரிசோதனை காட்டாது, முழுக் குரோமோசோம் படம்தான் காட்டும். இங்கே வந்த முடிவு: 47 குரோமோசோம்கள், தனி 21.

பால் வற்றவில்லை. முதல் ஆறு மணிக்குள் பீய்ச்சத் தொடங்கி நாளுக்கு எட்டு முறை எடுத்துக் குளிர்பதனத்தில் சேர்த்தார்கள். குடல் வழி உணவு இல்லாத நாட்களிலும் சீம்பாலை 0.1 மி.லி. வீதம் இரு கன்ன உட்புறத்திலும் 4 மணிக்கு ஒருமுறை தடவினார்கள். தாய்க்கு வேறு எந்த ஆறுதலையும்விட அது அதிகம் உதவியது என்பது எங்கள் எண்ணம்.

அறுவைக்குப் பின்: அதே விளக்கம் மறுபடியும் இரண்டு முறை

விரிந்து கிடந்த முன்சிறுகுடல் உடனே வேலைக்கு வராது. இணைப்பு நன்றாக இருந்தாலும் ஒரு வாரம் பச்சை வரும். அளவு குறைந்து நிறம் தெளிந்ததும் 12-ம் நாளில் தாய்ப்பால் கிலோவுக்கு 10 மி.லி. என்று தொடங்கி, 24-ம் நாளில் முழு அளவு. அதுவரை மெல்லிய மைய நரம்புக் குழாய் வழியே அமினோ அமிலம், கொழுப்பு.

10-ம் நாளில் மூச்சு நிற்பது திரும்பியது. கஃபீன் டோஸைக் கூட்டலாமா என்று பேச்சு வந்தது. நான்கு நாள் அமைதியாக இருந்த குழந்தைக்கு மூச்சு நிற்பது புதிதாக ஆரம்பித்தால் அது குறைமாத மூச்சு நிறுத்தம் அல்ல, தொற்று என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். ரத்த வளர்ப்பில் கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா. மைய நரம்புக் குழாயை எடுத்துவிட்டு, உணர்திறன்படி 14 நாள் மருந்து.

18-ம் நாளில் மஞ்சள் இன்னும் இறங்கவில்லை. குறைமாதம், நரம்புவழி உணவு, தாமதமான குடல் இயக்கம் என்று மூன்று காரணங்கள் கையில் இருந்தன. ஆனால் நான்காம் நாள் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) 7 என்று இயல்பாக வந்திருந்ததை நம்பி விட்டுவிடாமல் மீண்டும் எடுத்தார்கள்: 38, தைராக்சின் குறைவு. குறைமாதக் குழந்தையில் டி.எஸ்.எச். தாமதமாகவே ஏறும், டவுன் குழந்தைகளுக்குத் தைராய்டு குறைபாடு அதிகம். அதனால் இரண்டு முதல் நான்கு வாரத்தில் மறுபரிசோதனை கட்டாயம். தோலில் தடவும் போவிடோன்-அயோடினும் குறைமாதத் தைராய்டை அடக்கும், தடவினால் சலைனால் துடைத்து எடுங்கள்.

லெவோதைராக்சின் கிலோவுக்கு 10 முதல் 15 மைக்ரோகிராம். 1.6 கிலோவுக்கு 25 மைக்ரோகிராம் மாத்திரையில் முக்கால் பங்கு. நசுக்கிச் சிறிது தாய்ப்பாலில் கரைத்துக் காலையில். அதே குழந்தைக்கு இரும்புச் சத்தும் கால்சியமும் எழுதியிருக்கும். அவை தைராக்சினை உறிஞ்ச விடாது, நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். 'காலை 6: தைராய்டு. 10: கால்சியம். மாலை 6: இரும்பு' என்று வீட்டில் ஒட்டும் தாளில் எழுதிக் கொடுத்தார்கள்.

42-ம் நாளில் 2,060 கிராமில் வீடு. மார்போடு அணைக்கும் கங்காரு பராமரிப்பு, உறிஞ்சல் பலவீனம் என்பதால் தாய்ப்பாலோடு பாலாடைக் கிண்ணத்தில் ஊட்டல். விழித்திரைப் பரிசோதனை 30-ம் நாளில் முடிந்து இரண்டு வாரத்தில் மறுமுறை. அமிகாசின் போட்டிருந்ததாலும் டவுன் என்பதாலும் செவித்திறனுக்கு பெரா (ஒலிக்குக் கேள்நரம்பும் மூளைத்தண்டும் தரும் பதிலை அளக்கும் பரிசோதனை). இரண்டு வாரத்தில் தைராய்டு, ஆறு வாரத்தில் எக்கோ. ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய என்னும் தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் பட்டியலில் டவுன் சிண்ட்ரோம் இருப்பதால் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்தில் பதிவு, அங்கே தசைப் பயிற்சியும் உணவூட்டல் பயிற்சியும். மலச்சிக்கல் தொடர்ந்தால் பெருங்குடல் நரம்புக் குறையைப் பார்க்க வேண்டும், அதுவும் இக்குழந்தைகளுக்கு அதிகம். வாந்தி பச்சையாக வந்தால் எந்த நேரமானாலும் உடனே மருத்துவமனை.

லேபர் வார்டின் ஹேண்டோவர் சீட்டில் இரண்டு கட்டங்கள் சேர்க்கப்பட்டன. பனிக்குட நீர் அளவு எத்தனை செ.மீ. என்பது ஒன்று. பிறந்தவுடன் இரைப்பையிலிருந்து வந்தது எத்தனை மி.லி., என்ன நிறம் என்பது மற்றொன்று. ஆஸ்பிரேட் அட்டவணையில் வேளை வாரியான கட்டத்துக்குப் பக்கத்தில், உள்ளே போனதும் வெளியே வந்ததும் கூட்டி எழுத ஒரு பத்தி. 12 மணி நேரத்தில் வெளியே வந்தது உள்ளே போனதைவிட அதிகமென்றால் மருத்துவரை அழைக்க வேண்டும் என்று அதன் தலைப்பிலேயே எழுதப்பட்டது.